ஓலையும் ஆளும்: மோசடி வழக்கில் அவையோர் கடமை

வஞ்சனை ஏனைக் குற்றங்களினின்றும் வேறுபட்டது. கள்வன் வந்தால் பொருளுடையான் தடுக்க முயல்கின்றான். வஞ்சகன் வந்தால் அவனே தன் கையால் எடுத்துக் கொடுக்கின்றான். கொலை வழக்கிலே கொலையுண்டவன் உடல் சான்றாகும். மோசடி வழக்கிலோ இழந்தவனே ஒப்பமிட்ட பத்திரம் அவனுக்கு எதிர்ச்சான்றாக வந்து நிற்கும். ஆதலின், இவ்வகை வழக்கிலே வெளிப்படையான செயலைக் காட்டிலும் செய்தவன் உள்ளக்கிடக்கையே பெரிதும் ஆராயப்படுகின்றது. வாங்கியவன் எதனை அறிந்து மறைத்தான், கொடுத்தவன் எதனை நம்பிக் கொடுத்தான் என்னும் இரண்டும் துணியப்படல் வேண்டும். இவற்றைத் துணிய வல்லார் சட்டங் கற்ற நீதிபதியா, அன்றி ஊரவரிலிருந்து எடுக்கப்பட்ட ஜூரிமாரா என்னும் வினா, ஜூரிமுறை வழங்கும் நாடுகளில் நெடுநாளாக ஓயாதிருப்பது. தமிழிலக்கியம் காட்டும் இரு வழக்குகளையும் வரலாறு காட்டும் வழக்கொன்றையும் துணைக்கொண்டு இவ்வினாவை ஆராய்தல் பயனுடைத்து.

முதலாவது சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் செய்த வஞ்சம். தான் கவர்ந்த அரசியின் சிலம்பை மறைக்க வழி தேடி நின்றவன், விலைபேச வந்த கோவலன் கையிலே ஒப்பான சிலம்பைக் கண்டு, பழியை அவன்மேல் ஏற்றினான். பாண்டியன் அரசியின் ஊடல் தீர்க்கச் செல்லும் விரைவில் ஆணையிட்டானேயன்றி வழக்கு விளங்கினானல்லன். இவை யாவரும் அறிந்தவை. ஆயின், கொலைக்களக் காதையிலே பலராலும் கருதப்படாத ஒரு நுட்பம் உண்டு. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கொலைக்குரிய கள்வனுடையதன்று என்று ஐயுற்றுச் சொல்லிவிடுகின்றனர். கல்வியும் பதவியும் இல்லாத பணியாளர், அரசன் காணத் தவறிய உண்மையைக் கண்டுகொண்டனர். அவ்வையத்தைப் பொற்கொல்லன் எவ்வாறு மாற்றினான்? மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் முதலாகக் கள்வர் கைக்கொள்ளும் துணைகள் எட்டென வகுத்து, களவு நூல் வல்லான்போல விரித்துரைத்தான். எளியோரின் நேரிய ஐயம் இக்கலைச்சொற்களின் முன்னே அடங்கிற்று. அறிவற்ற ஒருவன் வாளை ஓங்கினான்; கோவலன் வீழ்ந்தான்.

மோசடி வழக்குகளின் இயல்பு முழுவதும் இச்சிறு காட்சியில் அடங்கியிருத்தல் நோக்கத்தக்கது. எளியோர் ஆளைக் கண்டு ஐயுற வல்லவர். அவ்வையத்தைக் குலைக்கும் கருவி, அவர்க்கு விளங்காத துறைச்சொல். அச்சொல்லை வழங்குபவனே வஞ்சகனாகவும் இருத்தல் கூடும். காவலர்க்கு அவனை மறுத்து வினவும் உரிமை இருந்திருந்தால், மறுப்புரைப்போர் ஒருவரேனும் அங்கு நின்றிருந்தால், முடிவு வேறாயிருக்கும். பின்னர்க் கண்ணகி அவையிலே காட்டிய சான்றோ எத்துணை எளிது! அரசியின் சிலம்பிலே முத்து. கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கம். உடைத்தவுடன் உண்மை தெறித்தது. முத்தையும் மாணிக்கத்தையும் வேறு பிரித்தறியப் பொன்வினை நூல் கற்றிருத்தல் வேண்டுவதில்லை. சிக்கல் மிகுந்த வஞ்சகத்தையும் எவரும் காணத்தக்க ஒரு பொருளாக்கிக் காட்டுதல் வழக்குரைப்போன் கடமை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடல் வேண்டா.

இரண்டாவது, பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம் கூறும் வெண்ணெய்நல்லூர் வழக்கு. இதனை அருள்நூலாக ஓதுவோர் பலர். வழக்கு நூலாக ஆய்ந்தோர் சிலரே. சேக்கிழார் அநபாய சோழனின் அமைச்சராய் இருந்தவர் என்பது மரபு. பத்திரம், படி, மூலம், சான்று, ஒப்பு நோக்கல் ஆகியவற்றை அவர் வழங்கும் திறம் அம்மரபுக்கு அரணாய் நிற்கின்றது.

புத்தூரிலே சுந்தரரின் திருமணப் பந்தரில் முதியவர் ஒருவர் தோன்றி, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்கின்றார். அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் இல்லையென நகைத்த சுந்தரர், ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். கிழித்ததனாலேயே தம் கூற்று உறுதியாயிற்று என்பது முதியவர் வாதம். வழக்கு வெண்ணெய்நல்லூர் மறையோர் அவைக்குச் செல்கின்றது. அங்கே அவையோர் ஒழுகிய முறை போற்றத்தக்கது. ஓலையைக் கிழித்தமை வெற்றியாகுமோ என்று சுந்தரரைக் கடிந்தனராயினும், அச்செயல் ஒன்றையே கொண்டு அவர்மேல் தீர்ப்புக் கூறினாரல்லர். வழக்குத் தொடுத்தவரே மெய்ப்பித்தல் வேண்டும் என்றனர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுமாறு வினவினர். கிழிந்தது படியோலையே, மூலவோலை தம்மிடம் உண்டென்றார் முதியவர். அதனை மீட்டும் பறித்தற்கு இடமளியோம் என்று அவையோர் உறுதி கூறினர். கரணத்தான் அதனை யாவரும் கேட்க வாசித்தான். சான்றிட்டோரின் எழுத்து நோக்கப்பட்டது. பாட்டனாரின் வேறோர் எழுத்து காப்பிலிருந்து கொணரப்பட்டு ஒப்பு நோக்கப்பட்டது. இரண்டும் ஒத்தன. சுந்தரர் தோற்றார் என்று அவை துணிந்தது.

வாய்மொழியின்மேல் வாய்மொழி அடுக்காமல், எழுத்தை எழுத்தோடு வைத்து நோக்கிய இம்முறை இக்காலத்து நீதிமன்றங்களுக்கும் ஒவ்வும். ஆயினும், அவையோர் ஒன்றனை விடுத்தனர். ஓலை மெய்யானது என்று கண்டனர். ஓலை கொணர்ந்தவர் யாவர் என்று வினவினாரல்லர். தீர்ப்புரைத்த பின்னரே, ஓலையில் நும் ஊர் எம்மூர் என்று உள்ளதே, ஈண்டு நும் மனையும் வாழ்வும் எங்கே என்று கேட்கின்றனர். எம்மை அறிந்தார் ஒருவரும் இலரேல் வம்மின் என முதியவர் முன்னே சென்று, திருவருட்டுறைத் திருக்கோயிலுட் புகுந்து மறைகின்றார். தம்மூரார் என்று தம்முன் நின்ற ஒருவரை அவையில் ஒருவரும் அறிந்திலர். அறியாமலே அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பும் கூறிவிட்டனர்.

இதனைச் சேக்கிழாரின் சோர்வு என்பார் கவிநயம் அறியாதார். வினாவைத் தீர்ப்புக்குப் பின் வைத்தமையே காவிய அமைதி. முன்னரே வினவியிருப்பின் ஆட்கொள்ளல் நிகழ இடமில்லை. பின்னர் வினவியமையால் வினாவே திருக்காட்சிக்கு வாயிலாயிற்று. வழக்காளி இறைவனாதலின் காலந்தாழ்ந்த வினாவும் அருளில் முடிந்தது. வழக்காளி மானிடனாயின் அதே தாழ்வு ஒருவன் வாழ்வையே அழித்துவிடும். ஓலையை ஆராய்தல் ஒன்று, ஆளை ஆராய்தல் மற்றொன்று என்னும் உண்மையைப் புராணம் இவ்வாறு தன்னுள் அடக்கி வைத்திருக்கின்றது. கையெழுத்தும் மையும் முத்திரையும் ஆராயும் வேலை வல்லுநர்க்கு உரியது. இம்மனிதன் யாவன், இவன் கூறுவது உலக நடைக்கு ஒக்குமா, இதனால் எவனுக்கு ஆக்கம் என்னும் வினாக்கள் உலகியல் அறிந்த பொதுமக்களுக்கே இயல்பாய் எழுவன. மோசடி வழக்கிலே ஜூரிமாரின் பணி இவ்விரண்டாம் பகுதியிலேதான் உயிர்பெறுகின்றது.

அங்ஙனமாயின் ஜூரிமார் அமர்ந்த மாத்திரத்தில் நீதி கிடைத்துவிடுமோ? இவ்வினாவுக்கு விடை கூறுவது 1775 இல் கல்கத்தாவில் நிகழ்ந்த நந்தகுமார் வழக்கு. வங்காளத்துப் பெருந்தலைவருள் ஒருவராகிய மகாராஜா நந்தகுமார், அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஆளுநர் தலைவர் வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது கையூட்டுக் குற்றஞ் சாட்டினார். சில வாரங்களில், இறந்துபோன வணிகர் ஒருவர் பெயரிலே பொய்ப்பத்திரம் ஆக்கினார் என்று நந்தகுமார்மீதே வழக்கு எழுந்தது. தலைமை நீதிபதி சர் எலிஜா இம்பேயும் மற்றும் மூன்று நீதிபதிகளும் அமர்ந்த உச்ச நீதிமன்றத்திலே, பன்னிரு ஜூரிமார் முன் ஜூன் மாதத்தில் வழக்கு விளங்கப்பட்டது. ஜூரிமார் கல்கத்தாவில் வாழ்ந்த ஐரோப்பியர். பத்திரமோ பாரசீகத்தில் எழுதப்பட்டது. சாட்சிகள் பலர் கூறியது மொழிபெயர்ப்பாளர் வழியாகவே அவையோர் செவிக்கு எட்டிற்று. பொய்ப்பத்திரத்துக்குக் கொலைத்தண்டம் விதிக்கும் 1728 ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் அவர்மேற் செலுத்தப்பட்டது. ஆகஸ்டு 5 இல் நந்தகுமார் தூக்கிலிடப்பட்டார்.

இதனை நீதியின் பெயரால் நிகழ்ந்த கொலை என்றார் மெக்காலே. 1885 இல் இதனை விரிவாக ஆராய்ந்த ஸ்டீபன், இம்பே முறைப்படியே நடந்தார் என்று மறுத்தார். இவ்விருவர் கருத்துவேற்றுமை ஒருபுறம் நிற்க, எவரும் மறுக்கவியலாத செய்தி ஒன்றுண்டு. நந்தகுமாரைத் தீர்ப்பிட அமர்ந்தோர் அவர்தம் மொழியையும், அவர் நாட்டுப் பத்திர வழக்கத்தையும், முத்திரையிடும் முறையையும் பிறர் சொல்லக் கேட்டே அறிந்தவர்கள். வெண்ணெய்நல்லூரில் கரணத்தான் வாசித்த ஓலையை அவையோர் நேரே கேட்டு விளங்கினர். கல்கத்தாவில் அவ்வாய்ப்பு இல்லை. எதிரியின் வாழ்க்கையை அறியாதார் பன்னிருவராயினும் நூற்றுவராயினும், ஜூரிமுறையின் பெயர் இருக்குமேயன்றிப் பயன் இராது.

தமிழகத்துப் பழைய சபைகள் உறுப்பினரைத் தெரிவதிற் காட்டிய விழிப்பு இவ்விடத்து நினையத்தக்கது. முதற் பராந்தகன் காலத்தில், 919 இலும் 921 இலும் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விதிக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தல் அம்முறை. அதற்கு முன்னரே, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் நீக்கப்படுதல் வேண்டும். வாரியம் வழக்கு விளங்கும் ஜூரி அன்று என்பது மெய்யே. ஆயினும், பிறர் பொருளை நோக்குதற்கு அமர்வோன் தன் கணக்கிலே தூயனாதல் வேண்டும் என்னும் விதி மோசடி வழக்கின் அவைக்கும் பொருந்துவதாகும்.

இனி, ஈழநாட்டின் நிலை யாது? இங்கே ஜூரிமுறை சர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் முயற்சியால் 1811 ஆம் ஆண்டின் அரச பட்டயத்தோடு வந்தது. இலங்கையர் தம் நாட்டாராலேயே விளங்கப்படல் வேண்டும் என்பது அவர் நோக்கம். பிற்காலத்தில் எழுவர் ஜூரிமாராயினர். ஐவரேனும் ஒருமித்தல் தீர்ப்புக்கு வேண்டப்பட்டது. ஆங்கிலம், சிங்களம், தமிழ் என மொழிவாரியாக ஜூரிமார் பட்டியல்கள் வகுக்கப்பட்டன. கல்கத்தாவிலே நேர்ந்த குறைக்கு மருந்தாக இம்மொழிப் பகுப்பைக் கொள்ளலாம். எனினும், அதே பகுப்பு இனப்பிளவு முற்றிய காலத்தில் ஐயத்துக்கும் இடமாயிற்று. 2006 இற் கொலையுண்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் வழக்கிலே, 2016 டிசம்பரில் சிங்கள மொழி ஜூரிமார் எதிரிகளை விடுவித்தபோது எழுந்த மனக்குறை இன்னும் ஆறவில்லை. ஆளை அறிவோர் அவையிலிருத்தல் நன்று. ஒரு சாராரை மாத்திரம் அறிவோர் இருத்தல் தீது.

மோசடி வழக்குகளைப் பொறுத்தமட்டில் இந்நாட்டு ஜூரிமார்க்கு இப்போது ஏறக்குறைய இடமேயில்லை. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டக் கோவையும் அதன் திருத்தமும், கொலை முதலிய பெருங்குற்றங்கள் சிலவற்றிலே, எதிரி விரும்பினால் மாத்திரம், ஜூரியை வழங்குகின்றன. 2018 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நீதித்துறைத் திருத்தச் சட்டம், பெரிய நிதிக் குற்றங்களை நீதிபதிகள் மூவர் ஒருங்கிருந்து விளங்கும் நிரந்தர மன்றத்தை அமைத்தது. பக்கத்து நாடாகிய இந்தியாவோ 1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே வைக்கவில்லை.

இங்ஙனம் விலக்குதற்குக் கூறப்படும் காரணம் ஒன்றே: கணக்குப் பேரேடுகளும் வங்கிப் பத்திரங்களும் பொதுமக்களுக்கு விளங்கா என்பது. ஜூரிமுறையின் தாயகமாகிய இங்கிலாந்திலும் இதுவே பேசப்பட்டது. 1986 இல் ரொஸ்கில் குழு, சிக்கலான மோசடி வழக்குகளுக்கு ஜூரியின்றி நீதிபதியும் துறை வல்லாரும் அமரும் மன்றம் வேண்டும் என்றது. நீதிபதி தனித்தே விளங்குதற்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு புகுத்தப்பட்டது; அது நடைமுறைக்கு வராமலே 2012 இல் நீக்கப்பட்டது. 2025 ஜூலையில் லெவிசன் மீளாய்வு அக்கருத்தையே மீண்டும் எழுப்பியது. இவ்வாதத்திற்கு எடுத்துக்காட்டாகப் பலகாலும் கூறப்படுவது, இலண்டன் ஜூபிலி நிலக்கீழ் இரயில் பாதை பற்றிய வழக்கு. 2003 இல் தொடங்கி இருபது மாதங்களுக்கு மேல் இழுபட்டு, 2005 மார்ச்சில் முடிவின்றிக் குலைந்தது அது. ஆயின், பின்னர் அந்த ஜூரிமாரை வினவியோர் கண்டது வேறு. அவர்கள் சான்றுகளை நன்கு விளங்கியேயிருந்தனர். ஓயாத சட்ட வாதங்களும் ஒத்திவைப்புக்களும் இடைநிறுத்தங்களுமே வழக்கைக் குலைத்தன. பழி கேட்போர் செவியைச் சார்வதினும் சொல்வோர் முறையையே பெரிதும் சார்கின்றது.

ஜூரிமாரை விலக்குவோர் கூற்றிலே உண்மை சிறிதும் இல்லை என்பதற்கில்லை. வல்லுநர் துணையின்றிப் பேரேடு வாசித்தல் அரிது. மாதக்கணக்கில் தொழிலை விட்டு அவையில் அமர்தல் ஏழைக்குப் பெருஞ்சுமை. நீதிபதி தம் தீர்ப்புக்குக் காரணம் எழுதுகின்றார். மேல்மன்றம் அதனை ஆராயலாம். ஜூரிமாரோ காரணங் கூறுவதில்லை. இவையெல்லாம் எடையுள்ள நியாயங்கள். ஆயினும், ஜூரிமாரோடு அவர்கள் முன் எழும் கட்டாயமும் நீங்கிவிடுகின்றது என்பதை மறத்தலாகாது. அவர்கள் இருக்கும்வரை அரசதரப்பும் எதிரிதரப்பும் மோசடியை நாட்டுமொழியில், நாட்டார் அறிய விளக்கியே தீர வேண்டும். சிலம்பை உடைத்து மணியைக் காட்டியே தீர வேண்டும். அவர்கள் நீங்கியபின், வழக்கு கற்றோர் தம்முள் பேசும் குறிமொழியாய்ச் சுருங்குதல் எளிது. பொற்கொல்லனுக்கு வாய்ப்பான இடம் அதுவே.

இவ்வாராய்ச்சி வன்னி நிலத்தார்க்கு வெறும் ஏட்டுச் சுவையன்று. நிலத்தை விற்றலும் ஈடுவைத்தலும் நொத்தாரிசு முன்னும் இரு சாட்சிகள் முன்னும் எழுத்தில் நிகழ்தல் வேண்டும் என விதிப்பது, 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகளைத் தடுக்கும் கட்டளைச் சட்டம். உறுதி முடிப்பவரை நொத்தாரிசாவது சாட்சிகளாவது அறிந்திருத்தல் வேண்டும் என்பதும் நாட்டுச் சட்டமே. ஓலையோடு ஆளையும் சேர்த்து நோக்கும் நெறி இது. ஆனால், 2009 இல் முடிந்த போரின் இறுதிக் காலத்தில் புதுக்குடியிருப்பும் அயலூர்களும் பெயர்ந்தபோது, உறுதியும் அனுமதிப்பத்திரமும் பிறப்புச் சான்றும் இழந்தோர் பலர். ஆவணம் அழிந்தது. ஊரைவிட்டு அகன்றமையால் ஆட்சி அற்றது. அயலார் மாண்டும் சிதறியும் போனமையால் காட்சியும் குன்றிற்று. வெண்ணெய்நல்லூர் அவை கேட்ட மூன்றும் ஒருசேர இழந்தவன், கள்ள உறுதியோடு வரும் ஒருவன் முன் எதனைக் காட்டி நிற்பான்?

இவ்விடரின் ஒரு பகுதியைச் சட்டம் உணர்ந்திருக்கின்றது. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் காலவிதிப்புச் சிறப்பேற்பாடுகள் சட்டம், போரினால் தம் உரிமையை நாட இயலாதார்க்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தைப் பிறர் ஆட்சிக் கணக்கினின்றும் கழிக்க வழி செய்தது. ஆட்சி என்னும் ஒன்றனுக்கு இது மருந்து. ஆவணப் பொய்க்கு மருந்து வேறு. கள்ள உறுதி பெரும்பாலும் எழுத்தில் பிழையுடையதாய் வருவதில்லை. எண்ணும் எல்லையும் முத்திரையும் செவ்வனே அமைந்தே வரும். பிழை இருப்பது ஒப்பமிட்ட ஆளிடத்தும், அவனை அறிவோம் என்று கையெழுத்திட்ட சாட்சிகளிடத்துமே. வயலின் வரம்பையும், கிணற்றின் பங்கையும், அங்கே முன்பு உழுதவன் பெயரையும் அறிந்த ஊரவன் ஒருவன் கேட்கும் ஒற்றை வினா, வல்லுநர் அறிக்கை பத்தினும் விரைவாக அப்பொய்யை வெளிப்படுத்த வல்லது.

ஆதலின், முடிவு இதுவாகின்றது. மோசடி வழக்குக்கு ஜூரி தகாது என்பார் அவையோர் அறிவைக் குறைத்து மதிப்பிடுகின்றனர். ஜூரி ஒன்றே போதும் என்பார் நந்தகுமாரை மறந்துவிடுகின்றனர். வல்லுநர் ஓலையை ஆராய, உலகியல் அறிந்தோர் ஆளை ஆராய, இரண்டும் யாவரும் கேட்கும் மொழியில் நிகழ்தல் வேண்டும். ஜூரிமாரை இந்நாட்டு மோசடி மன்றங்களுக்கு மீட்டும் கொணர்தல் அண்மையில் நிகழக்கூடியதாகத் தோன்றவில்லை. ஆயினும், ஜூரிமார் இல்லாத மன்றத்திலே அவர்கள் கேட்டிருக்கக்கூடிய வினாக்களை நீதிபதியே கேட்டல் வேண்டும். ஊர்ச் சாட்சிகளை வெறும் ஒப்பத்துக்காக அல்லாமல் உண்மைக்காக அழைத்தல் வேண்டும். பொதுமக்களும் தாம் ஒப்பமிடும் பத்திரத்தைக் கரணத்தான் வாசித்ததுபோல வாசிப்பித்துக் கேட்டல் வேண்டும். அறியாதவனை அறிவோம் என்று சாட்சியிடுதல் அயலானின் நிலத்தைக் கவர்தற்குத் துணைபோதல் என்று உணர்தல் வேண்டும்.

வெண்ணெய்நல்லூர் மறையோர் ஈற்றிற் கேட்ட வினா சிறந்த வினா. நும் மனை யாண்டையது என்னும் அவ்வினாவைத் தீர்ப்புக்கு முன்னே கேட்கும் அவையே மானிடர்க்கு ஏற்ற அவையாகும்.